தாழ்ப்பாள் தெரியும் கோணம்

ஜூன் 3, செவ்வாய்

கேமரா வந்துவிட்டது. தலைகீழாக.

மிகைப்படுத்தவில்லை. கேமராக்காரர் அதைக் கூடத்து மூலையில், கூரையில் கவிழ்த்து மாட்டினார். போனைத் திறந்து பார்த்தால் வீடே கவிழ்ந்து கிடக்கிறது. மின்விசிறி தரையில் சுற்றுகிறது. சோபா மேலே ஒட்டியிருக்கிறது. பாப்பா பல்லி மாதிரி உச்சியில் நடக்கிறாள்.

"அதெல்லாம் செட்டிங்ஸ்ல இருக்கு மேடம்."

"அப்போ மாத்திட்டுப் போங்களேன்."

"அடுத்த வீட்ல வெயிட் பண்றாங்க. எல்லாம் ஆட்டோ மேடம், தானா சரியாயிடும்."

தலைகீழாக இருப்பது தானாக எப்படிச் சரியாகும்? வீடு புரண்டு படுக்குமா?

போன வியாழக்கிழமை நடந்ததை இதுவரை எழுதவில்லை. கை வரவில்லை. இப்போது எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் தினமும் இந்தப் பக்கத்தைச் சுற்றிக்கொண்டே இருப்பேன்.

குளிக்கப் போனேன். பாத்ரூமுக்குள்ளிருந்தே கேட்டேன். "அத்தை, வாசக் கதவைச் சாத்தியாச்சா?" "சாத்தியாச்சு, நீ குளி" என்றார் மாமியார். தலைக்கு ஊற்றிக்கொண்டு வெளியே வருகிறேன், வாசலில் கீழ் வீட்டுத் தையல்காரம்மா நிற்கிறார். அவர் இடுப்பில் பாப்பா. தெருமுனையில், தண்ணீர் லாரி வந்து திரும்புகிற இடத்தில், ஒற்றைச் செருப்போடு நின்றுகொண்டிருந்தாளாம். லாரிக்கு டாட்டா காட்டிக்கொண்டு. "லாரியைப் பின்னாடி எடுத்துட்டிருந்தான், சட்டையைப் பிடிச்சு இழுத்தேன் கண்ணு" என்றார். அதற்குமேல் அவர் சொன்னது எதுவும் காதில் விழவில்லை.

எங்கள் வாசல் கதவுக்குக் கைப்பிடி உண்டு. திருகினால் திறக்கும். அது பாப்பாவுக்கு எட்டும். மேலே ஒரு தாழ்ப்பாள். அது எட்டாது. தாழ்ப்பாள் போட்டிருந்தால் அவள் போயிருக்கவே முடியாது. அத்தை சாத்தினேன் என்று சாதிக்கிறார். நான் அதற்குப் பிறகு கதவுப் பக்கமே போகவில்லை, தலை நிறைய ஷாம்பு. பின்னே யார் திறந்தது?

இவர் கண்டுபிடித்த பதில்: பாப்பா துடைப்பக்கட்டையால் தாழ்ப்பாளைத் தள்ளக் கற்றுக்கொண்டிருக்கிறாள். அம்மாவையும் சொல்ல முடியாது, பெண்டாட்டியையும் சொல்ல முடியாது, அதனால் மூன்று வயது நிரம்பாததை இன்ஜினியர் ஆக்கிவிட்டார். அவள் எப்படித் திறக்கிறாள் என்று பார்க்கத்தான் கேமரா.

அப்படித்தான் வெளியே சொல்லிக்கொள்கிறோம்.

ஜூன் 4, புதன்

படத்தை நிமிர்த்தியாயிற்று. இப்போது இடவலம் மாறிவிட்டது. சுவர்க்கடிகாரம் பின்னோக்கி ஓடுகிறது.

இவர் ஸ்டூல்மேல் ஏறி நின்று கேமராவைத் திருப்ப, நான் கீழே போனைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"கொஞ்சம் இடது பக்கம்."

திருப்பினார். கதவு போய்விட்டது.

"ஐயோ, இடதுங்க!"

"இடதுதான் திருப்பினேன். எந்த இடது? என் இடதா, உன் இடதா, கேமராவோட இடதா?"

"கதவோட இடது!"

"கதவுக்கு ஏதுடி இடது?"

அத்தை சோபாவில் பட்டாணி உரித்துக்கொண்டே, "நாலு பக்கமும் ஒரு தடவை காட்டிடுடா, எந்தப் பக்கம் பிடிச்சிருக்குன்னு சொல்லுவா" என்றார். பாப்பா கைகொட்டிச் சிரித்தாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

கடைசியில் 'கண்ணாடிப் பிம்பம்' என்று ஒரு பொத்தான் இருந்தது. அதை அணைத்ததும் எல்லோருடைய இடதும் ஒரே இடதாகிவிட்டது.

ஜூன் 6, வெள்ளி

படம் நேராக இருக்கிறது. கதவும் நடுவில் இருக்கிறது. கதவைத் திறந்தால்தான் வினை. படிக்கட்டு ஜன்னல் வெளிச்சம் உள்ளே பாய்ந்து வாசல் மொத்தமும் வெள்ளையாகிவிடுகிறது. அதில் வருகிறவர்கள் எல்லாம் கரிக்கட்டை. இவர் வந்தாலும் கரி, தண்ணீர் கேன் போடுகிறவர் வந்தாலும் கரி. நாளைக்குக் கதவைத் திறந்துகொண்டு போவது பாப்பாவா பூனையா என்றுகூடத் தெரியாது.

கேமராக்காரருக்குப் போன் செய்தேன்.

"வெளிச்சத்தைக் குறைச்சீங்களா மேடம்?"

"குறைச்சா கூடம் இருட்டாயிடுது."

"கூட்டிப் பாருங்க."

"கூட்டினா வாசல் எரியுது."

"அப்போ ஆட்டோல விட்ருங்க."

ஆட்டோ. இந்த மனிதர் வாயிலிருந்து இந்த ஒரு வார்த்தையைப் பிடுங்கிவிட்டால் வேறு என்ன மிஞ்சும்?

ஜூன் 7, சனி

'வாசலில் அசைவு.' 'வாசலில் அசைவு.' 'வாசலில் அசைவு.' நாள் முழுக்கப் போன் அலறியது. திரைச்சீலை ஆடினால் அசைவு. விசிறியின் நிழல் விழுந்தால் அசைவு. அசைவு உணரும் இடத்தைக் கதவளவுக்குக் கட்டம் கட்டி, உணர்திறனையும் பாதியாகக் குறைத்தேன். அதற்கப்புறம் இவர் ஆபீஸிலிருந்து வந்து, கதவைத் திறந்து, செருப்பைக் கழற்றி, நடந்து போனார். போன் மூச்சே விடவில்லை.

என் கணவர் திரைச்சீலை அளவுக்குக்கூட அசையவில்லையாம்.

ஜூன் 10, செவ்வாய்

அத்தை கேமராவுக்கு முன்னால் உட்காருவதையே நிறுத்திவிட்டார். சோபாவின் கடைசி முனையில், படத்துக்குள் வராத இடமாகப் பார்த்து ஒடுங்கி உட்காருகிறார். கூடத்தைக் கடக்கும்போது சேலையைச் சரிசெய்துகொண்டு, "ஷூட்டிங் நடக்குதா? நான் குறுக்கே போலாமா?" என்கிறார்.

"பாப்பாவுக்காகத்தான் அத்தை."

"நான் எதுவும் கேக்கலையேம்மா."

சாயங்காலம் இவர் வந்ததும் வெடித்தது. என்னிடம் இல்லை, அவரிடம். நான் சமையலறையில் இருப்பது தெரிந்தே, கேட்கட்டும் என்றே.

"ஒண்ணாந்தேதி உன் பொண்டாட்டி வேலைக்குப் போறா. நல்லா போகட்டும், படிச்சவ. ஆனா குழந்தைக்கு நான் பொறுப்பு ஏத்துக்க மாட்டேன். சாத்தின கதவைச் சாத்தலைன்னு சொல்ற வீட்ல, நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா என்னை என்ன சொல்லுவீங்க?"

"யாரும்மா சொன்னா?"

"வாயால சொல்லணுமா? அதான் மூலையில மாட்டி வெச்சிருக்கீங்களே."

பாப்பா பிறந்ததிலிருந்து வீட்டில் இருக்கிறேன். இந்த வேலைக்கு மூன்று முறை நேர்காணல். பரிசோதனைக் கூடத்தில் மறுபடி வெள்ளைக் கோட்டுப் போட வேண்டும் என்பதைத் தவிர இந்த ஒரு வருடமாக எனக்கென்று வேறு ஆசை இருந்ததா? அத்தை பார்த்துக்கொள்ள வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. அவரை நம்பித்தான் ஒப்புக்கொண்டேன்.

நம்புகிறேனா? அதுதானே இப்போது கேள்வி. சாத்தினேன் என்று முகத்தைப் பார்த்துச் சொல்கிறார். பொய் என்று நினைக்க மனசு வரவில்லை. உண்மை என்று நினைக்க வயிறு விடவில்லை.

இவர் சொன்னது: "வேணும்னா சேர்ற தேதியை ஒரு மாசம் தள்ளிக் கேட்டுப் பாரேன்."

நான் கேட்டுப் பார்க்கணுமாம். ஏன் அவர் லீவு கேட்டுப் பார்க்கக் கூடாது?

ஜூன் 12, வியாழன்

இன்று எதிர்வீட்டு மீசைக்காரர். காலிங் பெல்லை ஒரு தடவை அடித்தால் போதாது அவருக்கு.

"என் வீட்டு வாசல் உங்க போன்ல தெரியுதாமே?"

"எங்க கதவைத் திறந்தா கொஞ்சம் தெரியும் சார். குழந்தைக்காகத்தான்..."

"உங்க குழந்தைக்கும் என் வாசலுக்கும் என்ன சம்பந்தம்? நான் லுங்கியோட வருவேன், பனியனோட வருவேன், அது என் இஷ்டம்."

அவருடைய பனியனைப் பார்க்க நாங்கள் தவம் கிடக்கிறோம் பாருங்கள்! ஆனால் அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. என் வாசலை ஒருவர் இப்படிப் படம் பிடித்தால் நான் சும்மா இருப்பேனா?

யார் அவரிடம் சொன்னது என்று கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை. அத்தை உள்ளே பாப்பாவுக்குச் சத்தமாகக் கதை சொல்லிக்கொண்டிருந்தார்.

செட்டிங்ஸில் 'மறைப்பு' என்று ஒன்று இருக்கிறது. படத்தில் எந்த இடம் வேண்டாமோ அதன்மேல் கறுப்புக் கட்டம் வரையலாம். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, மீசைக்காரர் வாசல் தெரிகிற இடத்தில் கட்டம் வரைந்தேன். அவரையே கூப்பிட்டுக் காட்டினேன். மீசையைத் தடவிக்கொண்டு, "ம், இது சரி" என்றார். ஏதோ நான் அவர் கோலெடுத்துத் திருத்திய மாணவி என்பது போல.

ஜூன் 13, வெள்ளி

தலையில் அடித்துக்கொண்டேன். நிஜமாகவே அடித்துக்கொண்டேன், பாப்பா பார்த்துவிட்டு அவளும் தன் தலையில் அடித்துக்கொண்டாள்.

கறுப்புக் கட்டம் படத்தில் ஒரே இடத்தில்தான் நிற்கும். கதவு திறந்தாலும் மூடினாலும் அது நகராது. கதவு திறந்திருக்கும்போது மீசைக்காரர் வாசலை மறைக்கிறது. மூடியிருக்கும்போது எதை மறைக்கிறது?

தாழ்ப்பாளை.

உலகத்தில் நான் பார்க்க வேண்டியது ஒரே ஒரு தாழ்ப்பாள். இவ்வளவும் செய்து, அதன்மேல் நானே என் கையால் கறுப்புப் பட்டை ஒட்டி வைத்திருக்கிறேன்.

ஜூன் 16, திங்கள்

இனிமேல் யாரையும் நம்பிப் பயனில்லை என்று நானே ஸ்டூல்மேல் ஏறினேன். அத்தை பாப்பாவை மத்தியானம் தூங்க வைக்கப் போயிருந்த நேரம்.

மூலையிலிருந்து கழற்றி, கதவு இருக்கிற அதே சுவரில், செருப்பு அலமாரிக்கு மேலே, கதவின் கீல் பக்கமாக மாட்டினேன். இங்கிருந்து கதவு பக்கவாட்டில் தெரிகிறது. யாராவது திறந்தால் கதவுப் பலகையே குறுக்கே வந்து எதிர்வீட்டை மறைத்துவிடும். கறுப்புக் கட்டமே தேவையில்லை. மீசைக்காரர் லுங்கியோ வேட்டியோ, அவர் பாடு. படிக்கட்டு ஜன்னலும் நேர் எதிரே வராததால் வெளிச்சம் முகத்தில் அடிப்பதில்லை. மிச்சம் இருந்த கண்கூச்சத்துக்கு 'பின்னொளி ஈடு' என்பதைப் போட்டு, ஒளி எடுக்கும் நேரத்தை ஆட்டோவிலிருந்து பிடுங்கி நானே குறைத்து, கான்ட்ராஸ்டை ஒரு புள்ளி ஏற்றினேன். தாழ்ப்பாளின் பித்தளை மின்னுகிறது. அதன் திருகாணித் தலைகள்கூடத் தெரிகின்றன.

இவ்வளவு செய்ததற்கு யாராவது சபாஷ் சொல்வார்கள் என்று பார்த்தேன். இவர் வந்து பார்த்துவிட்டு, "செருப்பு எடுக்கறப்போ தலையில இடிக்குமே" என்றார்.

ஒலியை மட்டும் இவர் அணைக்கச் சொல்லிவிட்டார். "அம்மா பேசறதெல்லாம் பதிவாகுதுன்னு தெரிஞ்சா இன்னிக்கே ஊருக்குப் பெட்டி கட்டிடுவாங்க. பாப்பாவைத்தானே பார்க்கப் போறோம்? அம்மாவைப் பார்க்கறதுக்கில்லைன்னு அவங்ககிட்ட நான் சொல்லியிருக்கேன். என் மானத்தைக் காப்பாத்து." சரி என்றேன். படம் மட்டும்தான், சத்தம் கிடையாது.

ஜூன் 18, புதன்

தாழ்ப்பாள். தாழ்ப்பாள். தாழ்ப்பாள். பாப்பா துடைப்பத்தைத் தொடக்கூட இல்லை. ஒரு கதவை உட்கார்ந்து பார்ப்பதற்கா எம்.எஸ்ஸி. படித்தேன்?

ஜூன் 20, வெள்ளி

எழுத்துக் கோணலாக இருந்தால் இருக்கட்டும், இதை இப்போதே எழுதியாக வேண்டும்.

சான்றிதழ் சரிபார்க்க ஆபீஸுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். காலையில் பாப்பாவை அத்தையிடம் விட்டுவிட்டுப் போனேன். வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது போன் அடித்தது. 'வாசலில் அசைவு.' திறந்தேன்.

தண்ணீர் கேன்காரர் கேனை உள்ளே வைத்துவிட்டுப் போகிறார். அத்தை கதவைத் தள்ளுகிறார். கதவு மூடுகிறது. அத்தை கேனை உருட்டிக்கொண்டு சமையலறைக்குப் போகிறார். அவ்வளவுதான். தாழ்ப்பாள் திறந்தபடியே இருக்கிறது. திருகாணி தெரிகிற அளவுக்குத் தெளிவாகத் திறந்திருக்கிறது. கதவுக்கு முன்னால் பாப்பா உட்கார்ந்து என் பழைய செருப்பில் கால் நுழைத்துக்கொண்டிருக்கிறாள்.

வீட்டுக்குப் போன் செய்தேன்.

"அத்தை, கதவைச் சாத்தியாச்சா?"

"சாத்தியாச்சு."

படத்தைப் பார்க்கிறேன். தாழ்ப்பாள் திறந்திருக்கிறது.

"நல்லா சாத்தியாச்சா?"

"இதென்னம்மா கேள்வி? சாத்தறதுல நல்லா சாத்தறது, கெட்டதா சாத்தறதுன்னு இருக்கா? இப்பத்தான் கேன்காரன் போனான், சாத்திட்டு வரேன்."

பொய்! என் கண் முன்னாடி, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, எவ்வளவு கூசாமல்... 'தாழ்ப்பாளைப் போடுங்க' என்று தொண்டை வரைக்கும் வந்தது. சொன்னால் நான் பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்துவிடும். அம்மாவைப் பார்க்கறதுக்கில்லைன்னு சொல்லியிருக்கேன், என் மானத்தைக் காப்பாத்து. இவருடைய மானம்! வாயை மூடிக்கொண்டேன். மூடிக்கொண்டு போனை வைத்துவிட்டேன். என் குழந்தையை விடவா அந்த மானம்? ஆனால் வைத்தேனே, அதுதான் நடந்தது.

தையல்காரம்மாவுக்குப் போட்டேன்.

"அக்கா, கொஞ்சம் எங்க படிக்கட்டுல போய் நிக்கிறீங்களா?"

"ஏன் கண்ணு, யாராவது வராங்களா?"

"யாரும் வரலை. யாரும் போயிடக் கூடாது."

அவர் தைத்துக்கொண்டிருந்த துணியோடு படியில் உட்கார்ந்துகொண்டாராம். சரிபார்ப்பு மேஜையில் என்ன கேட்டார்கள், எதில் கையெழுத்துப் போட்டேன், ஒன்றும் நினைவில்லை. கிடைத்த வண்டியில் ஏறி வந்தேன். பாப்பா உள்ளேதான் இருந்தாள். அத்தை அவளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். "என்ன, மூச்சிரைக்குது? படி ஏறி வந்தியா, பறந்து வந்தியா?" என்றார்.

வீடியோவைத் தனியாகச் சேமித்து வைத்துவிட்டேன். நாளைக்கு இவருக்கு லீவு. இரண்டில் ஒன்று பார்த்துவிடுகிறேன்.

ஜூன் 21, சனி

எங்கிருந்து ஆரம்பிப்பது?

காலையில் முதலில் இவரிடம் மட்டும் காட்டினேன். பார்த்தார். மறுபடி பார்த்தார். முகம் தொங்கிவிட்டது. "சரி, அம்மாகிட்டயே காட்டிடலாம். நீ பேசாதே, நான் கேக்கறேன்" என்றார். நான் பேசாமல் இருப்பேன் என்று அவருக்கு யார் சொன்னது?

போனை டீவியோடு இணைத்துப் பெரிதாகப் போட்டோம். அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு சோபாவின் நடுவில், முதன்முறையாக நடுவில், வந்து உட்கார்ந்தார். மடியில் பாப்பா. படம் ஓடியது. கேன்காரர் போகிறார். அத்தை கதவைத் தள்ளுகிறார். போகிறார்.

நான் அத்தை முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாட்டிக்கொண்டவருடைய முகம் எப்படி மாறும் என்று.

மாறியது. மலர்ந்தது.

"பாத்தியா!" என்றார் டீவியைக் கைகாட்டி. "பாத்தியாடா? இதோ, சாத்தறேன். நல்லா பாரு. போட்டுக் காட்டு மறுபடி."

எனக்கு ஒரு நிமிஷம் புத்தி பேதலித்துவிட்டதோ என்று இருந்தது. யாருக்கு என்றுதான் தெரியவில்லை.

"எங்க அத்தை சாத்தினீங்க?"

"கண்ணு தெரியலையா உனக்கு? இதோ தள்ளறேனே, இதோ சாத்திடுச்சே!"

"சாத்தவே இல்லையே! அப்படியே விட்டுட்டுப் போறீங்க!"

"எதை விட்டுட்டுப் போறேன்? கதவு தெறந்தா இருக்கு? நீயே சொல்லுடா, கதவு தெறந்தா இருக்கு?"

"தாழ்ப்பாள்! தாழ்ப்பாள் போடலை பாருங்க!"

"தாழ்ப்பாள் போட்டேன்னு எப்பம்மா சொன்னேன்? நீ சாத்தியாச்சான்னு கேட்டே, சாத்தியாச்சுன்னேன்."

டீவியில் அத்தை ஓசையில்லாமல் கேனை உருட்டிக்கொண்டிருந்தார்.

இவர்தான் மெல்ல வாயைத் திறந்தார். "அம்மா, சாத்தறதுன்னா என்ன?"

"இதென்னடா கேள்வி, கதவைச் சேர்த்து வைக்கிறது."

என்னைப் பார்த்தார். "உங்க வீட்ல?"

என் குரல் எனக்கே கேட்கவில்லை. "தாழ்ப்பாளோட."

எங்கள் வீட்டில் அப்படித்தான். வெறுமனே சேர்த்து வைத்தால் அது மூடுவது. சாத்தினால் தாழ்ப்பாள் விழுந்தாக வேண்டும். 'சாத்திட்டுப் படு' என்றால் எழுந்துபோய்த் தாழ்ப்பாள் போடுவோம், அதைத் தனியாகச் சொன்னதே கிடையாது. அதைச் சொன்னேன்.

"மூடறதுக்கு அதென்ன பாத்திரமா?" என்றார் அத்தை.

எங்கள் மூன்று பேரில் ஒருவராவது சிரித்திருக்கலாம். முடியவில்லை. அன்றைக்கு நான் பாத்ரூமுக்குள்ளிருந்து கேட்டதும், அவர் பதில் சொன்னதும், அதற்கப்புறம் லாரியும், ஒற்றைச் செருப்பும், எல்லாம் வரிசையாக வந்து மூன்று பேருக்கும் நடுவில் நின்றன.

அத்தை கண்ணாடியைக் கழற்றினார். "பகல்ல யாரும்மா தாழ்ப்பாள் போடுவா? நாங்க ராத்திரிதான் போடுவோம். போடுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போட்டிருப்பேனே. இத்தனை நாளா என்னைப் பொய் சொல்றவன்னு நெனச்சுக்கிட்டா எனக்குச் சாப்பாடு போட்டே?"

"நீங்களும் என்னைத்தானே அத்தை... நான்தான் தெறந்தேன்னு..."

"ஆமா, நெனச்சேன்" என்றார். பூசி மெழுகவில்லை. "நீ ஷாம்பு எடுக்கவோ எதுக்கோ வெளிய வந்து தெறந்து போட்டிருப்பேன்னு நெனச்சேன். நீ அதை மறைக்கிறேன்னு நெனச்சேன்."

பாப்பாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். கதவைச் சாத்தினார். எந்த அர்த்தத்தில் என்று நாங்கள் போய்ப் பார்க்கவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. இது எவ்வளவு எரிச்சலான நிலைமை! இத்தனை நாள் பத்திரமாகச் சேர்த்து வைத்த கோபம், போட ஓர் ஆள் இல்லை. அத்தைமேல் போட முடியாது. என்மேல் போட்டுக்கொள்ளவும் முழுசாக முடியவில்லை. கடைசியில் இவர்மேல் போட்டேன்.

"உங்களுக்கு ரெண்டு பேர் பேசறதும் தெரியும்தானே? நான் சாத்துங்கன்னா தாழ்ப்பாள் போடறீங்க, அவங்க சாத்துடான்னா தள்ளிட்டு வரீங்க. ஒரு நாளாவது தோணலையா?"

"தோணலையே" என்றார் பரிதாபமாக. "நீ சொன்னா அப்படி, அம்மா சொன்னா இப்படி. நான் யோசிச்சு எல்லாம் செய்யறதில்லை."

அது மட்டும் சத்தியமான உண்மை.

ஜூன் 25, புதன்

அத்தை என்னோடு பேசுகிறார், ஆனால் பாப்பா வழியாக. "உங்கம்மாகிட்ட சொல்லு, தாழ்ப்பாள் போட்டாச்சு." "உங்கம்மாகிட்ட சொல்லு, கொண்டி, கைப்பிடி, பூட்டு, எல்லாம் போட்டாச்சு. அவங்க பாஷையில எது வேணுமோ எடுத்துக்கச் சொல்லு." பாப்பா என்னிடம் ஓடிவந்து, "போட்டாச்சு!" என்கிறாள். ஒவ்வொரு தடவையும். தெருவே எங்கள் தாழ்ப்பாள் நிலவரத்தை அறிந்துவைத்திருக்கிறது. மீசைக்காரர்கூடப் படியில் பார்த்து, "என்ன, போட்டாச்சா?" என்றார்.

ஒன்றாம் தேதியைப் பற்றி மட்டும் அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டு, முடியாது என்று சொல்லிவிட்டால்? ஆபீஸுக்கு எழுதத் தேதி நெருங்குகிறது.

ஜூன் 27, வெள்ளி

கேட்டேன்.

துணி மடித்துக்கொண்டிருந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து மடித்தேன். பாப்பாவின் சட்டை ஒவ்வொன்றும் உள்ளங்கை அளவு, மடிப்பதற்கு என்ன இருக்கிறது. ஆனாலும் மடித்தேன்.

"அத்தை, செவ்வாய்க்கிழமை நான் சேரணும். நீங்க பாத்துக்குவீங்களா?"

இரண்டு துண்டு மடித்து முடித்தார்.

"அன்னிக்கு நீ போன் பண்ணியே, ஆபீஸ்லேர்ந்து. அப்போ என்னைப் பாத்துக்கிட்டேதான் கேட்டியா?"

கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. "ஆமா அத்தை."

"பாத்துக்கிட்டே, தெரியாத மாதிரி கேட்டே."

"ஆமா."

"தாழ்ப்பாள் போடுங்கன்னு அப்பவே சொல்லியிருந்தா, அன்னிக்கே முடிஞ்சிருக்கும். குழந்தை கதவுகிட்ட உட்கார்ந்திருந்துச்சு. ஒளிஞ்சுக்கணும்னு நீ வாயை மூடிக்கிட்டே."

இவருடைய மானம் என்றெல்லாம் சொல்லலாம். சொல்லவில்லை.

"கேமராவை எடுன்னு நான் சொல்லலை" என்றார். "அன்னிக்கு லாரிகிட்ட நின்னதை நெனச்சா எனக்கும்தான் தூக்கம் வரலை. பாரு. உன் குழந்தை, பாரு. ஆனா பாக்கறதுக்கு முன்னாடி ஒரு போன் பண்ணு. 'அத்தை, பாக்கப் போறேன்'னு சொல்லு. மனுஷி இருக்கற வீடு. கதவைத் தட்டிட்டு வர மாதிரி வா."

தலையாட்டினேன். அழுகை வந்தது, சட்டையில் துடைத்துக்கொண்டேன். "அது மடிச்சு வெச்சது" என்று பிடுங்கினார்.

ஜூலை 1, செவ்வாய்

வெள்ளைக் கோட்டு. மூன்று வருடத்துக்குப் பிறகு. எல்லாக் கருவியும் மாறியிருக்கிறது, பெயரே தெரியவில்லை, நாள் முழுக்கத் திருதிருவென்று விழித்தேன்.

மத்தியானம் போன் செய்தேன். "அத்தை, பாக்கப் போறேன்."

"இரு, இரு, தலை வாரிக்கறேன்."

"தலையெல்லாம் எதுக்கு அத்தை!"

"உன் ஆபீஸ்ல யாராவது எட்டிப் பாத்தா? பரட்டைத் தலையோட இருக்காங்க மாமியார்னு சொல்லவா?"

காத்திருந்தேன். சாப்பாட்டு நேரம் பாதி அதிலேயே போய்விட்டது.

ஜூலை 18, வெள்ளி

வாரம் முழுக்கப் பரிசோதனை மாதிரிகள் வந்து குவிந்தன. இந்தப் புத்தகத்தைத் தொடவே நேரமில்லை.

இன்று வண்டியில் வரும்போது போனைச் சுத்தம் செய்யலாம் என்று உட்கார்ந்தேன். படிக்காத அறிவிப்புகளுக்குள் ஒன்று கிடந்தது. 'கேமரா தொடர்பில் இல்லை.' அதற்குக் கீழே இன்னொன்று, அதற்குக் கீழே இன்னொன்று. எப்போதிலிருந்து என்று பார்க்க விரலால் தள்ளினேன், போய்க்கொண்டே இருந்தது. பக்கென்றது. பிறகுதான் உறைத்தது. தினமும் மத்தியானம் போன் செய்கிறேன், பாப்பா சாப்பிட்டாளா, தூங்கினாளா, அத்தை முட்டிவலி எப்படி இருக்கிறது என்று பேசிவிட்டு வைத்துவிடுகிறேன். பாக்கப் போறேன் என்று கடைசியாக எப்போது சொன்னேன்?

வீட்டுக்கு வந்தேன். தாழ்ப்பாள் விலகுகிற சத்தம் கேட்டது, கதவு திறந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தால், அலமாரிக்கு மேலே கேமராவின் ஒயர் தொங்குகிறது. அதன் பிளக் பாயிண்ட்டில் மேஜைவிசிறி. நீளமாக ஒயர் இழுத்து, கூடத்தில் பாய்மேல் கை கால் பரப்பித் தூங்குகிற பாப்பாவின் பக்கம் திருப்பி வைத்திருந்தது.

"எப்போ அத்தை கழட்டினீங்க?"

"ரெண்டு நாள் புழுக்கமா இருந்துச்சே, அப்போ. இல்லை, அதுக்கும் முன்னாடியோ. நீ ஒண்ணும் கேக்கலை, நானும் மறந்துட்டேன்." தொங்கிய ஒயரை எடுக்கப் போனார். "வேணும்னா இப்ப மாட்டிடவா?"

பாப்பாவின் நெற்றி முடி விசிறிக் காற்றில் பறந்துகொண்டிருந்தது.

"இருக்கட்டும் அத்தை, முழிச்சுக்குவா" என்றேன்.